கட்சியும் கடை வாடகையும்

வாக்குகளை எண்ணி முடிக்கத் தேர்தல் அதிகாரிகளுக்கு ஒரு பகல் போதுமாயிருக்கிறது. எண்ணி முடித்த பின் எழுகின்ற வாக்குவாதத்தை முடிக்கவோ நம்மவர்க்கு ஓராண்டும் போதுவதில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியின் முடிவு வெளியாயிற்று. தி.மு.க. கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் 6,70,149 வாக்குகள் பெற்றார். அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற எஸ்.டி.பி.ஐ. கட்சியின் முகம்மது முபாரக் 2,26,328 வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 4,43,821. கணக்கென்ற அளவில் ஐயப்பட ஏதுமில்லை. எனினும் எமது மஹல்லாவில் அன்று தொடங்கிய பேச்சு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளிவாசல் திண்ணையில் நாள்தோறும் நடந்து, மெல்ல மெல்லக் குரல் தடித்து, ஈற்றில் தாய்மாமனும் மருமகனும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதை நிறுத்திக் கொள்ளும் அளவுக்கு வந்து நின்றது.

ஒருபுறம் ஒரு பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர். மறுபுறம் ஒரு முஸ்லிம் வேட்பாளர். திண்டுக்கல்லில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இப்படியொரு தேர்வு எளிதில் வாய்ப்பதன்று. சமுதாயத்தின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க வேண்டாமா என்று கேட்டார் சிலர். எந்த அணி வென்றால் நாட்டுக்கும் நமக்கும் தீங்கு குறையும் என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டார் வேறு சிலர். இரண்டும் நேர்மையான கேள்விகளே. யாம் எவருக்கு வாக்களித்தோம் என்பதை வாசகர் கேட்க மாட்டார் என்று நம்புகிறோம், கேட்டாலும் சொல்வதற்கில்லை. வாக்குச் சீட்டை மறைவாக வைக்கும் விதியை வகுத்தவர்கள் எம்மைப் போன்ற மதரஸா ஆசிரியர்களின் நிம்மதியையும் கருதியே வகுத்தார்கள் போலும்.

ஈண்டு யாம் சொல்ல வந்தது அந்த மாமனையும் மருமகனையும் பற்றி. மாமன் எழுபதைக் கடந்தவர். இளமையில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். சங்கத்தில் சேர்ந்தவர். செங்கொடியைப் பற்றி அவரிடம் ஒரு சொல் குறைவாகப் பேசிவிட முடியாது. ஐவேளைத் தொழுகையைப் பற்றியும் அவ்வாறே. மருமகன் முப்பத்தைந்து வயதினர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். வணிகவியல் படித்தவர். எமது ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவில் கணக்குப் பொறுப்பு அவருடையது. தேர்தலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வேலை பார்த்தார்கள். முடிவு வந்த பிறகு பேச்சு வேட்பாளர்களை விட்டு விலகிக் கொள்கைகளுக்குத் தாவிற்று. "உங்கள் சோசலிசம் உருசியாவிலேயே புதைக்கப்பட்டது மாமா" என்பார் இளையவர். "உன் சுதந்திரச் சந்தை ஐயலூர்த் தக்காளியைச் சாலையில் கொட்ட வைத்ததே மாப்பிள்ளை, அதை எங்கே புதைப்பாய்?" என்பார் மூத்தவர். திண்ணையில் இருந்தவர்கள் எம் முகத்தைப் பார்ப்பார்கள். ஹஜ்ரத் ஒரு தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அப்பார்வையின் பொருள்.

கட்சிகளையும் கொள்கைகளையும் ஒன்றெனக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை எமது ஊரின் தேர்தல் வரலாறே காட்டுகிறது. 1967இல் திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. பாலசுப்பிரமணியம். அவ்வாண்டு அவர் நின்ற அணி எத்தகையது? அண்ணாவின் தலைமையில் அமைந்த அவ்வணியில் காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக் இருந்தது. இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. 1959இல் தொடங்கப்பட்ட சுதந்திராக் கட்சியோ, உரிமமும் பெர்மிட்டும் கொண்டு அரசு வணிகத்தைக் கட்டிப்போடுவதை எதிர்ப்பதற்கென்றே பிறந்தது. தொழிற்சாலைகள் மக்களுடைமையாக வேண்டும் என்றவரும், அரசின் கை சந்தையில் நுழையவே கூடாது என்றவரும் ஒரே அணியில் நின்று ஒருவர் வெற்றிக்கு மற்றவர் உதவினர். காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்னும் ஒரு நோக்கம் அவ்விருவரையும் இணைத்தது. அதில் குறை காண எமக்கு மனமில்லை. ஆனால் அவ்வாண்டு அந்த அணிக்கு வாக்களித்த எம் பாட்டனார் தலைமுறையினர் சோசலிசத்துக்கு வாக்களித்தார்களா, தடையற்ற வணிகத்துக்கு வாக்களித்தார்களா என்று எவரால் பிரித்துரைக்க முடியும்?

1973 மே மாதத்து இடைத்தேர்தல் இன்னும் புகழ் பெற்றது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சி கண்டு, அக்கட்சி சந்தித்த முதல் பெருந்தேர்தல் திண்டுக்கல்லில்தான். இரட்டை இலை முதன்முதலாக இங்கேதான் துளிர்த்தது. மாயத்தேவர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாவதாக வர, ஆளுங்கட்சியாயிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. புதிய கட்சியின் கொள்கை யாதெனக் கேட்டவர்க்கு எம்.ஜி.ஆர். சொன்ன பெயர் அண்ணாயிசம். முதலாளித்துவம், சோசலிசம், கம்யூனிசம் ஆகிய மூன்றிலும் உள்ள நல்லவற்றின் சேர்க்கை அது என்று விளக்கமும் தந்தார். அறிவாளிகள் நகைத்தனர். எம் அத்தா நகைக்கவில்லை. "பிரியாணிக்கு அரிசி ஓரிடத்தில், கறி ஓரிடத்தில், மசாலா ஓரிடத்தில்தானே வாங்குகிறோம்" என்று அவர் சொல்வாராம். அக்காலத்தில் யாம் மழலைப் பருவத்தினர். இதெல்லாம் பின்னர்க் கேட்டறிந்தவை.

பிற்காலத்திலும் இதுவே நடைமுறை. மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதி திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியில் 2001, 2006, 2011 என மும்முறை வென்றார். முதல் முறை அ.தி.மு.க. அணியில், இரண்டாம் முறை தி.மு.க. அணியில், மூன்றாம் முறை மீண்டும் அ.தி.மு.க. அணியில். எதிரணி என்று முன் தேர்தலில் யாரைச் சுட்டினார்களோ அவர்களோடு அடுத்த தேர்தலில் மேடையேறினர் எல்லாக் கட்சியினரும். தலைவர்கள் கைகுலுக்கிக் கொண்ட பின்னும், அவர்களுக்காகப் பகைத்துக் கொண்ட அண்ணன் தம்பியர் பேசாமலே இருந்த வீடுகளை யாம் அறிவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி இந்நாட்டில் பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றின் மீது பற்றுறுதி கொண்டிருப்பதாக எழுதித் தந்தாக வேண்டும். அரசமைப்பின் முகவுரையில் சோசலிசம் என்னும் சொல் 1976இன் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. ஆகவே ஏட்டளவில் இங்கே எல்லாக் கட்சியும் சோசலிசக் கட்சியே! 1991க்குப் பின் எல்லா அரசுகளும் சந்தையின் வழியே நடந்தன என்பதும் அதே அளவுக்கு உண்மை. இதை யாம் திண்ணையில் எடுத்துச் சொன்னபோது மாமனுக்கும் பிடிக்கவில்லை, மருமகனுக்கும் பிடிக்கவில்லை.

அரபு மொழியில் சோசலிசத்துக்கு 'இஷ்திராகிய்யா' என்று பெயர். பங்கு கொள்ளுதல் என்னும் பொருள் தரும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது அது. இளைஞர் ஒருவர், "ஷிர்க்கும் அதே வேர்தானே ஹஜ்ரத்" என்று குறும்பாகக் கேட்டார். உண்மைதான். ஆனால் பெருமுதலாளிகள் நடத்தும் வணிக நிறுவனத்துக்கு அரபியில் 'ஷரிகா' என்று பெயர். அதுவும் அதே வேர். ஒரு வேரிலிருந்து பொதுவுடைமையும் கம்பெனியும் முளைத்திருக்க, வேரைக் காட்டி எவரையும் காஃபிராக்க இயலாது என்று சொல்லி அனுப்பினோம்.

மாமனுடைய பொதுவுடைமை ஏட்டிலிருந்து வந்ததன்று. தோல் ஷாப்பின் குழியிலிருந்து வந்தது. திண்டுக்கல்லின் தோல் தொழிலை அறியாதவர் மறைந்த டி. செல்வராஜ் எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' என்னும் நாவலைப் படித்தால் அறியலாம். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பதப்படுத்துவர். குழியில் நின்றவர்களின் கைகால்கள் வெந்து வெடிக்கும். அவர்களிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். முஸ்லிம்களும் இருந்தனர். ஷாப்பு முதலாளிகளிலோ நம் சமுதாயத்தவர் பலர். இதனை நம் பத்திரிகைகள் மெதுவாகவே சொல்லி வந்தன. ஒரே பள்ளிவாசலின் முதல் வரிசையில் முதலாளியும் கடைசி வரிசையில் கூலியாளும் தொழுத ஊர் இது. உழைப்பவனின் கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை அறியாத முதலாளி ஒருவரும் இருந்திருக்க முடியாது. அறிந்திருந்தும் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைத்தவர் இருந்தனர். ஸகாத்தை ஒரு காசு குறையாமல் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, கூலியில் பிடித்தம் செய்தவரும் இருந்தனர். "எங்களுக்காக அன்றைக்குப் பேசியது சங்கம்தான் ஹஜ்ரத், மிம்பர் பேசவில்லை" என்று மாமன் சொல்லும்போது எம்மால் மறுத்துரைக்க இயலுவதில்லை.

ஆனால் அந்தத் தோலிலும் மாமன் கணக்கில் வராத ஓர் அத்தியாயம் உண்டு. 1973இல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. அரைப்பக்குவத் தோலுக்கு அளவு வைத்தது. செருப்பும் சட்டையுமாக்கி அனுப்பினால் நாட்டில் வேலை பெருகும் என்பது நோக்கம். நோக்கம் பெருமளவு நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும். தனியார் வணிகத்தில் அரசு கைவைத்ததால் ஒரு தொழில் வளர்ந்ததற்கு இது நல்ல சான்று. மருமகன் இதைக் கேட்டு முகம் சுளித்தார்.

பிறகு தண்ணீர். ஷாப்புகளிலிருந்து வழிந்த நீர் கிணறுகளைக் கெடுத்தது. உப்பேறிய நிலத்தில் பயிர் கருகியது. தென்னை காய்ப்பு நின்றது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் சேர்ந்திருந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கழிவு நீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழியை யாம் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொல்கிறோம். அவ்வாண்டு அதைப் பாடம் சொல்கையில் நா எழவில்லை. கிணற்றுக்காரக் குடியானவனுக்காக எமது தெருவில் ஷாப்பு முதலாளியும் பேசவில்லை. வேலை போய்விடுமே என்னும் அச்சத்தில் கூலியாளும் பேசவில்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒன்றுபட்டு நின்ற ஒரே விஷயம் அதுவாயிருந்தது! மாமன் வேலை செய்த ஷாப்பு அந்த ஆண்டுகளில் மூடப்பட்டது. அவர் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, பூட்டு விற்றும் பழுது பார்த்தும் பிழைக்கத் தொடங்கினார்.

பூட்டுத் தொழிலின் கதையும் சந்தையின் கதையே. கையால் அடித்துச் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டை ஒருமுறை பூட்டினால் அதன் சாவியின்றி எவரும் திறக்க முடியாதென்பது இவ்வூரார் பெருமை. எந்திரத்தில் செய்த அலிகார்ப் பூட்டு அதிற் பாதி விலைக்கும் குறைவாக வந்து இறங்கிய பின் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அலிகார்ப் பட்டறைகளில் உழைப்பவர்களிலும் முஸ்லிம்கள் ஏராளம். நம்மவர் பிழைப்பை நம்மவரே கெடுத்தார்கள் என்று யாரைச் சொல்வது? மலிவாக வாங்கியவர்களும் நாமே. மாமன் கடையிலும் அலிகார்ப் பூட்டுகள் தொங்குகின்றன. மருமகன் இதைச் சுட்டிக் காட்டிச் சிரிப்பதுண்டு.

மருமகனின் சந்தை நம்பிக்கையும் வெறும் வாய்ப்பேச்சன்று. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்கு நாள்தோறும் லாரி லாரியாகக் காய்கறி போகிறது. எந்த அதிகாரியும் விலை எழுதிக் கொடுப்பதில்லை. எந்த ஆணையும் இல்லாமலே விடியற்காலையில் முருங்கை எங்கே வேண்டுமோ அங்கே போய்ச் சேருகிறது. இதை அவர் சொல்லும்போது அவர் கண்களில் ஒரு பரவசம் தெரியும். மதீனாவில் விலையேறியபோது மக்கள் விலை நிர்ணயம் செய்யக் கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். உயிரிலோ பொருளிலோ எவருக்கும் அநீதி இழைத்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று காரணமும் உரைத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த அறிவிப்பை மருமகன் எங்கோ படித்துவிட்டு, "இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஆட்சியாளர் வணிகம் செய்யப் புகுந்தால் குடிகளும் கெடுவர், வரி வருவாயும் கெடும் என்று இப்னு கல்தூன் எழுதியிருப்பதை யாமே அவருக்கு எடுத்துக் காட்டினோம். ஆசிரியத் தொழிலின் குணம், எதிர்வாதிக்கும் ஆயுதம் எடுத்துக் கொடுத்துவிடுவது.

ஆனால் அதே ஹதீஸ் நூல்களில் வணிக அத்தியாயத்தைத் தொடர்ந்து படித்தால் வேறு சிலவும் வரும். ஊருக்கு வெளியே சென்று, சந்தை விலை அறியாமல் சரக்கோடு வரும் கூட்டத்தாரை வழியிலேயே மறித்து வாங்குவதைத் தடுக்கும் விதி ஒன்று. 'தலக்கீ அர்ருக்பான்' என்பது அதன் பெயர். விலையேறட்டும் என்று உணவுப் பொருளைப் பதுக்குவதைத் தடுக்கும் விதி மற்றொன்று. இவற்றை வைத்தே இப்னு தைமிய்யா, விலைக் கட்டுப்பாட்டில் அநியாயமானதும் உண்டு, நியாயமானதும் உண்டு என்று பிரித்தார். பண்டத்தை முடக்கி வைத்திருப்பவரை நியாய விலைக்கு விற்க வைப்பது ஆட்சியாளரின் கடமை என்றார். நம் பக்கத்தில் தக்காளிச் செடி பூக்கும்போதே முன்பணம் கொடுத்துத் தோட்டத்தைக் கட்டிக் கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, அது எதில் சேரும் என்று மருமகனிடம் கேட்டோம். "அந்த முன்பணம் இல்லையென்றால் அவன் விதையே வாங்க மாட்டான் ஹஜ்ரத். இப்போது எல்லாருடைய கையிலும் செல்போன் இருக்கிறது. விலை தெரியாதவன் யார்?" என்றார். விலை தெரிந்தும், கடன் பட்டவன் வேறு மண்டிக்குப் போக முடியுமா என்று மாமன் இடைமறித்தார். அதற்கு மருமகன் பதில் சொல்லவில்லை. அவருடைய மண்டியிலும் அத்தகைய கணக்கேடு இருக்கிறது என்பது திண்ணையில் எல்லாருக்கும் தெரியும்.

1999இல் தமிழக அரசு தொடங்கிய உழவர் சந்தைகளை எதில் சேர்ப்பது? இடம் அரசுடையது, தரகர் நுழையத் தடை. விற்பவனும் வாங்குபவனும் மட்டும் நேருக்கு நேர். மதீனாவில் நபியவர்கள் சந்தைக்கென ஓர் இடத்தைக் குறித்து, அங்கே எவரும் நிலையான இடம் பிடித்துக் கொள்ளாமலும் வரி வாங்கப்படாமலும் ஏற்பாடு செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். சோசலிசம் என்று ஒருவர் சொல்வார், தடையற்ற சந்தை என்று மற்றொருவர் சொல்வார். காலையில் வந்து இடம் பிடித்தவன் அன்று மாலை வரை அங்கே விற்கலாம். எம் போன்றோர்க்கு இவ்வளவு போதும்.

அறிஞர்களும் இவ்விஷயத்தில் ஒருமுகமாக இருந்ததில்லை. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ 1959இல் 'இஷ்திராகிய்யத்துல் இஸ்லாம்' என்று நூலெழுதினார். நாசரின் எகிப்து அதைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டது. நஜஃபில் பாகிர் அஸ்ஸத்ர் 1961இல் 'இக்திஸாதுனா' எழுதி, முதலாளித்துவமும் மார்க்சியமும் இரண்டுமே நமக்கு உரியவையல்ல என்றார். அபூதர் (ரலி) அவர்கள் செல்வம் குவிப்பதைக் கண்டித்து ஷாம் தேசத்து ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களோடு முரண்பட்ட செய்தியைத் தோழர்கள் எல்லாம் விரும்பி எடுத்தாள்வர். அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து, சந்தைக்கு வழி கேட்டுச் சென்று பெருஞ்செல்வரான செய்தியை வணிகர்கள் எடுத்தாள்வர். உமர் (ரலி) அவர்கள் இராக்கின் விளைநிலத்தைப் படையினர்க்குப் பங்கிடாமல், பின்வரும் தலைமுறைகளுக்கென்று பொதுவில் நிறுத்திவைத்தார்கள். செல்வம் உங்களிற் செல்வர்களிடையே மட்டும் சுற்றலாகாது என்னும் கருத்துடைய ஹஷ்ர் அத்தியாயத்து வசனங்களையே அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். யாம் இவையனைத்தையும் சொன்னோம். மாமன் உமரையும் அபூதர்ரையும் எடுத்துக் கொண்டார். மருமகன் இப்னு அவ்ஃபை எடுத்துக் கொண்டார். ஸலாம் திரும்பவில்லை.

2025இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்து, வக்ஃபு சொத்துகளின் விவரங்களையெல்லாம் அரசின் உமீத் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றானபோது, எமது ஜமாஅத்தும் பழைய ஏடுகளைத் தூசு தட்டி எடுத்தது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான எட்டுக் கடைகளின் வாடகைக் கணக்கு அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. அவ்வாடகையில் மாதத்துக்கு ஒரு கடையிலிருந்து வருவது, இன்றைக்கு இரண்டு பேர் நல்ல உணவகத்தில் பிரியாணி சாப்பிடும் செலவுக்கு மேல் இல்லை. முஅத்தினுக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளிக்கிழமை தோறும் துண்டு ஏந்துகிறோம். மருமகன் எழுந்து, வாடகையைக் கடைவீதி நிலவரத்துக்கு உயர்த்த வேண்டும் என்றார். மாமன் எழுந்து, ஏழைகள் வயிற்றில் அடிக்காதே என்றார். அவர் கடையும் அந்த எட்டில் ஒன்று. தேர்தல் முடிந்து ஓராண்டாகியும், சோசலிசமும் சுதந்திரச் சந்தையும் இப்படி எமது பள்ளிவாசலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டன. இம்முறை எம்மைப் பார்த்தவர்கள் பார்வையோடு நிற்கவில்லை. தீர்ப்பை வாய்விட்டே கேட்டார்கள்.

ஹனஃபி மத்ஹபில் இதற்கு ஐயத்துக்கிடமில்லாத விடை இருக்கிறது. கஸ்ஸாஃப் முதல் இப்னு ஆபிதீன் வரை நம் சட்ட வல்லுநர்கள் சொல்வது, வக்ஃபு சொத்தை 'அஜ்ருல் மிஸ்ல்' என்னும் ஒத்த வாடகைக்குக் குறைத்து, பெருநட்டம் உண்டாகும்படி விடுதல் செல்லாது என்பதே. ஒத்த வாடகை என்பது அக்கம்பக்கத்தில் அத்தகைய கடைக்கு என்ன கிடைக்கிறதோ அது. அதை நிர்ணயிப்பது அரசும் அன்று, முத்தவல்லியும் அன்று, கடைவீதி. மருமகன் முகம் மலர்ந்தது. சட்டம் இவ்வளவு கண்டிப்பாயிருப்பதற்குக் காரணம் சந்தை மீதுள்ள காதலன்று என்பதையும் சொன்னோம். வக்ஃபுக்கு உரிமையாளர்கள் அநாதைகளும் ஏழைகளும் மாணவர்களும். அவர்களுடைய பங்கை எவருக்கும் தள்ளுபடி செய்ய முத்தவல்லிக்கு அதிகாரமில்லை.

ஏடுகளைப் பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது. எட்டுக் கடைகளில் மூன்றைப் பிடித்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். அவர்கள் தாமே கடை நடத்தவில்லை. பல மடங்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஏழைக்காக என்று சொல்லிக் குறைத்த வாடகை, நாற்பதாண்டுகளாக அவர்களுடைய பெட்டிக்குப் போயிருந்தது. எஞ்சிய ஐவரில் தையற்கார மூதாட்டி ஒருவர், மாமன், இன்னும் மூவர். இவர்கள் உண்மையிலேயே எளியவர்கள். இவர்களுக்கு ஒத்த வாடகையை விதித்துவிட்டு, ஸகாத்திலிருந்தும் ஸதக்காவிலிருந்தும் தனியே உதவலாம். அப்படிச் செய்தால் வக்ஃபின் கணக்கும் நேராகும், உதவியும் கண்ணுக்குத் தெரியும் என்று யாம் உரைத்தோம். சபை ஒப்புக் கொண்டது.

மாமன் மட்டும் எழுந்து நின்றார். "ஹஜ்ரத், குறைந்த வாடகை கொடுத்தபோது நான் வாடகைக்காரன். உங்கள் ஸகாத்தை வாங்கினால் நான் ஃபக்கீர். இரண்டுக்கும் கிதாபில் வித்தியாசம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது" என்றார்.

சபை அடங்கியது. எமக்கும் உடனே சொல்ல ஒரு சொல்லும் வாய்க்கவில்லை. உதவியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதன் நன்மையை யாம் சொன்னோம். கண்ணுக்குத் தெரிவதே அவருக்கு வலி. தொழிலாளி கேட்பது தர்மத்தை அன்று, உரிமையை என்று சங்கத்து மேடைகளில் பல்லாண்டு கேட்டு வளர்ந்தவர் அவர். ஸகாத்தும் ஏழையின் உரிமையே என்று யாம் சொல்ல முடியும். ஆயிரம் முறை சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அதைப் பெறுபவன் கை நீட்ட வேண்டியிருக்கும்வரை அவன் அதை உரிமையென்று உணர்வதில்லை. இதற்கு விடை சொன்ன நூலை யாம் இன்னும் காணவில்லை.

வாடகை நிலவரத்தை விசாரித்து வர இருவர் கொண்ட குழு அமைத்தோம். நிர்வாகத்தின் சார்பில் மருமகன். வாடகைக்காரர் சார்பில் மாமன். ஸலாம் இல்லாமலே இருவரும் மூன்று நாட்கள் கடைவீதியில் ஒன்றாக அலைந்தார்கள். கொண்டு வந்த தொகையில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை; கேட்டவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்லியிருந்தார்கள். உள்வாடகைக்கு விட்டிருந்த மூவரில் இருவர் கடையை ஒப்படைத்துவிட்டார்கள். ஒருவர் வழக்குத் தொடுத்திருக்கிறார். மூதாட்டி உதவியை ஏற்றுக் கொண்டார்.

மாமன் ஏற்கவில்லை. தம் கடையின் அகலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், மீதிப் பாதிக்குக் கடைவீதி வாடகையைக் காசு குறையாமல் கட்டுவதாகவும் எழுதிக் கொடுத்தார். பூட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவர் வாதம். குழு ஒப்புக் கொண்டு கடையின் நடுவே பலகைத் தடுப்பு வைக்கத் தச்சரை அழைத்தது. குத்தகைக்கு விட்ட பொருளைப் பயனுடையதாக வைத்திருக்கும் செலவு வக்ஃபைச் சேர்ந்தது, ஆகவே தச்சுக்கூலி பள்ளிவாசலுடையது என்கிறார் மாமன். தடுப்பைக் கேட்டவர் வாடகைக்காரர், ஆகவே செலவும் அவருடையது என்கிறார் மருமகன். இருவரும் கிதாபைப் பார்த்துச் சொல்லுமாறு நேற்று அஸருக்குப் பின் சேர்ந்தே எம்மிடம் வந்தார்கள். தச்சரோ, யார் கொடுத்தாலும் சரி, முன்பணம் வேண்டும் என்கிறார்.